ஊர்க் கசெற்றும் ரொறொன்ரோ தொலைக்காட்சியும்

அம்மாவின் குரல் பதிவான ஒரேயொரு வீடியோ கசெற் என்னிடமுண்டு. 1991இல் கொழும்பில் நடந்த அக்காவின் கலியாணவீட்டில் எடுத்தது. ரொறொன்ரோவில் முதன்முதல் அதைப் போட்டபோது வெறுங் கோடுகளே ஓடின. கசெற்றில் பழுதில்லை. இலங்கையில் 625 கோடுகளும் நொடிக்கு 25 படங்களும் கொண்ட 'பால்' முறை. கனடாவில் அப்போது 525 கோடுகளும் ஏறக்குறைய 30 படங்களும் கொண்ட 'என்ரிஎஸ்சி'. ஒன்றை மற்றதாக மாற்றித் தரும் டெக் வாங்கிய பின்னரே அம்மா திரையில் பேசினார்.

2011 ஆகஸ்ட் 31இல் இங்கு அனலொக் ஒளிபரப்பு நின்றது. அதனால் கசெற்றுக்குக் கேடில்லை. டெக்குக்கு அன்ரெனா வேண்டியதில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருக இடமில்லாத புதிய தொலைக்காட்சிகளுக்கும் எச்டிஎம்ஐ மாற்றி உண்டு. உண்மையான ஆபத்து டெக்கில்தான் இருக்கிறது. கடைசிவரை அதைத் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவிலோ காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தால் கெட்டுவருகிறது.

ஆகவே டெக் ஓடும்போதே கசெற்றைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். ஊர்க் கசெற்றை 'பால்' முறையிலேயே ஏற்றுங்கள்; மாற்றினால் தரம் குறையும். பிறகும் கசெற்றை எறியாதீர்கள். நானும் எறியவில்லை.