பழைய வில்லும் புதிய கத்தியும்

பெங்களூர் சிக்பேட்டையை அடுத்த பி. வி. கே. ஐயங்கார் சாலையில் ஞாயிறுதோறும் விரியும் பழம்பொருள் சந்தையை நேயர்களுள் பலர் கண்டிருக்கலாம். தேய்ந்த அரங்களும் பல்லுதிர்ந்த வாள்களும் துருவேறிய கருவிகளும் அங்கே தரையில் கிடக்கும். கழிவென்று அவற்றைக் கடந்து செல்வோர் பலர். எஃகின் குணமறிந்தவரோ குனிந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பார்.

இந்நகரில் 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் இயந்திரக் கருவித் தொழிற்சாலையும் தோன்றின. அவற்றை நாடி வந்த தமிழர் குடும்பங்களில் அரமும் சுத்தியலும் இன்றும் அந்நியப் பொருள்கள் அல்ல. அத்தகைய கைகளுக்கு ஓய்வுநாளில் உகந்த ஒரு வேலையைப் பற்றி இங்கே பேசுவோம். பழைய எஃகிலிருந்து அடுக்களைக்கு ஒரு கத்தி செய்துகொள்வதே அது.

முதலில் இரும்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கட்டடக் கம்பியும் சன்னல் சட்டமும் இதற்குப் பயன்படா. அவற்றில் கரியின் அளவு குறைவு. எவ்வளவு காய்ச்சினாலும் கூர் நிலைக்காது. லாரியின் சக்கரங்களுக்கு மேல் அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் வில் பட்டை இதற்கு மிக ஏற்றது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கோ, அதற்குச் சற்று மிகுதியாகவோ கரி கலந்திருக்கிறது. நம் ஊர்க் கொல்லர் 'லாரிப் பட்டையில் அடித்த அரிவாள்' என்று பெருமையாகச் சொல்வதன் காரணம் இதுவே.

ஐயமிருந்தால் சாணைக் கல்லில் வைத்துப் பாருங்கள். கரி குறைந்த இரும்பின் பொறிகள் நீண்டு, கிளையின்றி ஓடும். கரி மிகுந்த எஃகின் பொறிகள் மத்தாப்பூப் போல வெடித்துச் சிதறும். நாகமுலாம் பூசிய தகட்டையும் குரோமிய முலாம் பூசிய உறுப்பையும் நெருப்பில் இடவே கூடாது. அவற்றினின்று எழும் புகை நஞ்சாகும். நெடுநாள் உழைத்த பட்டையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத விரிசலும் இருக்கலாம். ஆதலால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துப் பார்த்த பின்னரே வாங்குக.

வில் பட்டை கனமானது. அடுக்களைக் கத்தியின் முதுகுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். எனவே அதை அடித்துத் தட்டையாக்கும் வேலையை அருகிலுள்ள கொல்லுப் பட்டறையில் ஒப்படைப்பது நன்று. அடித்து முடித்ததும் பட்டையை மீண்டும் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் இரவு முழுதும் புதைத்து வைக்கச் சொல்லுங்கள். மெல்ல ஆறிய எஃகு அரத்துக்கு இணங்கும். அதன்பின் அட்டையில் வரைந்த வடிவத்தை அதன்மேல் பதித்து, இரும்பறுக்கும் வாளால் அறுத்து, அரத்தால் சரிவு கொடுக்கலாம். இந்நிலையில் வாய்ப்புறத்தைக் கூராக்கிவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனமாவது விட்டுவைக்க வேண்டும். பிடி பொருத்துவதற்கான துளைகளையும் இப்போதே இட்டுவிடுக. பின்னர் துளைப்பது கடினம்.

இனி வருவதே கத்தியின் உயிர். நான் செய்த முதற் கத்தியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பெருமிதத்தோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தினேன். 'டிக்' என்றொரு சிறு ஒலி கேட்டது. எடுத்துப் பார்க்கையில் வாயிலிருந்து முதுகுவரை மயிரிழை போன்ற விரிசல். மூன்று வார உழைப்பு வீணாயிற்று. பக்கத்துத் தெருக் கொல்லர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "அவசரப்பட்டீர்கள், ஐயா; இதற்கு எண்ணெய் வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதன் காரணம் இது. எஃகு ஏறத்தாழ 770 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் காந்தத்துக்கு வசப்படாத நிலையை அடைகிறது. காந்தம் ஒட்டாத அந்நிலைக்குச் சற்று மேலே, கத்தி முழுதும் ஒரே செந்நிறமாகும்போது, எஃகினுள் கரி கரைந்து பரவிவிடுகிறது. உடனே குளிரவைத்தால் கரி பிரிந்து செல்ல நேரமின்றி அங்கேயே சிறைப்படும். எஃகு மிகக் கடினமாகும். நீர் வெப்பத்தை மிக விரைவாகப் பறிப்பதால் இவ்வகை எஃகு அதிர்ச்சி தாங்காது பிளக்கிறது. வெதுவெதுப்பான கடலை எண்ணெய் அதை நிதானமாகச் செய்கிறது. கத்தியை நெடுக்காக அமிழ்த்தி மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் கோணிப்போகும். இதுவே தோய்ச்சல். தோய்ந்த வாயில் அரம் பற்றாமல் வழுக்கினால் தோய்ச்சல் பலித்ததென்று கொள்க.

ஆயினும் கத்தி இன்னும் முடியவில்லை. இப்போது அது கண்ணாடியைப் போன்றது. கீழே விழுந்தால் உடையும். ரொட்டி சுடும் மின் அடுப்பில் 200 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம், ஆறிய பின் மீண்டும் இரண்டு மணி நேரம் வைத்தால் சிறிது கடினம் குறைந்து உறுதி பிறக்கும். மெருகிட்ட பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றுவது அதற்கு அடையாளம். மேலும் சூடேற்றினால் பழுப்பும், ஊதாவும், நீலமும் முறையே வரும். நீலம் வந்தால் வில்லுக்கேற்ற நெகிழ்வு கிட்டும். காய் நறுக்கும் கூர் போய்விடும். கடினத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறும் இவ்வளவை அறிவதே கத்தித் தொழிலின் நுட்பமெல்லாம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். தோய்ச்சலைத் திறந்த வெளியில், இரும்புப் பாத்திரத்தில், மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்க. எண்ணெயில் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் மூடுக. அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம் இதற்கு இடமன்று. சாணை பிடிக்கையில் கண்ணாடியும் மூக்குக் கவசமும் அணிக. செய்வது அடுக்களைக் கத்தியாகவே இருக்கட்டும். அலகு ஆறங்குலம் போதும்.

மரப்பிடியைப் பித்தளை ஆணியால் இறுக்கி, உப்புத்தாளால் மெருகிட்டு, இறுதியில் கல்லில் தீட்டுக. இது துருப்பிடிக்கும் எஃகு. ஒவ்வொரு முறையும் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கு இத்தொழில் புதிதன்று. 1800இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், இரும்புத் துண்டுகளோடு ஆவாரங் கட்டையையும் பச்சிலையையும் மண் குகையில் இட்டு மூடிக் காய்ச்சி எஃகாக்கிய முறையை எழுதிவைத்தார். அவருடைய நூல் 1807இல் வெளிவந்தது. தமிழகத்தில் நொய்யற்றங்கரைக் கொடுமணலிலும் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. உலகெங்கும் 'வூட்ஸ்' என்று புகழ்பெற்ற அவ்வெஃகில் நம் லாரிப் பட்டையைக் காட்டிலும் மிகுதியான கரி இருந்தது. அப்பெயர் கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபென்பர் அறிஞர் பலர். நம் 'உருக்கு' அச்சொல்லுக்கு நெருங்கிய உறவு.

ஆகவே, பிழைப்புக்காக இங்கு வந்த நாம் கொல்லுப் பட்டறை வாயிலில் நின்று 'உக்கு' என்று கேட்டாலும் 'உருக்கு' என்று கேட்டாலும் எடுத்துக் கொடுக்கப்படுவது ஒரே பொருள்தான். அடுத்த ஞாயிறு சந்தைப் பக்கம் செல்லும்போது, சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அது இரும்பையும் பிறவற்றையும் பிரித்துக் காட்டும். பின்னொரு நாள் உலையின் அருகே, தோய்ச்சலுக்கு வேளை வந்ததையும் அதுவே சொல்லும்.