கணினிப் பட்டறை – 6: மீட்டர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

சென்ற வாரம் கடை வாடகை, முன்பணம், ஜிஎஸ்டி என்று பார்த்தோம். இனி மேசைமேல் என்ன வைப்பது என்ற கேள்வி. கோவை காந்திபுரத்தில் கடை போடுகிறவரானாலும் பல்லடத்தில் போடுகிறவரானாலும், ஆன்லைனில் 'ரிப்பேர் கிட்' தேடி ஒரு பெட்டியை வரவழைத்துவிடுகிறார்கள். அதில் பாதிச் சாமான் பிரித்த நாளோடு சரி. விலையை விசாரிக்கிறோம், பிராண்டை விசாரிக்கிறோம். இந்தக் கருவி காட்டும் அளவு நாம் அடுத்துச் செய்யப்போவதை மாற்றுமா என்று மட்டும் விசாரிப்பதில்லை. மாற்றும் என்றால் மலிவான கருவியும் வாங்கத் தக்கது. மாற்றாது என்றால் விலை உயர்ந்ததும் அலமாரிக்குத்தான். என் கட்சி இவ்வளவுதான்.

சிஸ்டத்தின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்கும் டெஸ்டரை எடுத்துக்கொள்வோம். கனெக்டரைச் செருகினால் விளக்கு எரியும், சின்னத் திரையில் வோல்ட் தெரியும். ஏடிஎக்ஸ் 2.x விதிப்படி 12 வோல்ட் லைன் 5 சதவீதம் ஏறி இறங்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. ஆனால் டெஸ்டர் ஏற்றும் சுமை மிகக் குறைவு. அதில் 12.1 காட்டிய சப்ளை, பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுக்கத் தொடங்கியதும் 11.2க்கு இறங்கி சிஸ்டத்தை ரீஸ்டார்ட் ஆக்கலாம். பச்சை விளக்கை நம்பியவர் ராமையும் போர்டையும் சந்தேகித்து நாளை ஓட்டுவார். ஒரு சாதாரண மல்டிமீட்டரின் கறுப்பு முனையை சேஸிஸில் வைத்து, சிவப்பு முனையை ஓடுகிற சிஸ்டத்தின் மஞ்சள் வயர் கனெக்டருக்குப் பின்பக்கம் நுழைத்துப் பார்த்தால் சங்கதி அங்கேயே வெளிப்பட்டுவிடும். அப்படியும் அகப்படாத ஒன்று உண்டு: மின்னழுத்தத்தில் கலந்துவரும் ரிப்பிள். 12 வோல்ட் லைனில் அது 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒழுங்காகப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆனால் சப்ளையைக் கழற்றி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும் கடைக்கு ரிப்பிள் 90 ஆனாலென்ன, 200 ஆனாலென்ன? நல்லதென்று தெரிந்த இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். கையிலிருந்தால் அதே முடிவுக்கு வந்துவிடலாம்.

இங்கே அனுபவசாலிகள் குறுக்கிடுவார்கள்: "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், மீட்டர் எதற்கு?" பாதி நியாயம். விற்பனைக்கில்லாமல் ஒதுக்கி வைத்த ஒரு எஸ்.எம்.பி.எஸ்., ஒரு ராம், ஒரு எஸ்.எஸ்.டி. ஆகியவையும் சோதனைக் கருவிகள்தான். இன்னும் சொன்னால், பெட்டியில் வருகிற பலவற்றைவிட மேல். தகராறு வரிசையில்தான். வோல்ட்டைப் பார்க்காமல் கெட்ட சப்ளையில் நல்ல எஸ்.எஸ்.டி.யை மாட்டினால் அதுவும் போகலாம். தவிர, நாளுக்கு ஒருமுறை வருகிற கோளாறு, பாகத்தை மாற்றிய அரைமணி நேரம் அடங்கியிருந்து, சிஸ்டம் வீடு போன பிறகு திரும்பும். மெம்டெஸ்ட்86+ போன்ற இலவச ராம் சோதனையை இரவெல்லாம் ஓடவிடச் சொல்வது அதனால்தான்; பத்து நிமிடத்தில் 'பிழை இல்லை' என்று வந்தால் அது பதிலே அல்ல.

'பிழை இல்லை' என்பது பதிலாகாது என்பது ஹார்டு டிஸ்க்கில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் 'ஸ்மார்ட்' அளவுகளைக் காட்டும் மென்பொருள் எல்லாக் கடையிலும் உண்டு. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் விவரங்களை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், தென்படாததைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. ஆக, இந்தக் கருவி ஒருபக்கம் மட்டுமே பேசும். 'கெட்டது' என்றால் நம்பி, வேறெதையும் தொடாமல் டேட்டாவைக் காப்பி எடுக்க வேண்டும். 'நல்லது' என்றால் அதை வைத்து வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. டாலி கணக்கு டேட்டா மொத்தமும் ஒரே டிஸ்க்கில் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் "டிஸ்க் நல்லாயிருக்குங்க" என்று சொல்லி அனுப்புவது கொஞ்சம் துணிச்சல்தான்.

கொங்கு வட்டாரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே சிஸ்டம் இருக்கும் இடம் குளிரூட்டிய அலுவலகம் மட்டுமல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி ஹீட்சிங்க்கை அடைக்கும். ஃபவுண்டரியில் இரும்புத் தூசி போர்டில் படிந்து ஷார்ட் ஆக்கும். மில்லில் பெரிய மோட்டார்கள் ஓடும் அதே லைனில் கணக்கு சிஸ்டமும் இருக்கும். கடைக்கு வந்தால் நல்லபடி ஓடி, திரும்பப் போனதும் படுத்துவிடும் சிஸ்டத்துக்கு மேசைமேல் என்ன வைத்தும் பலனில்லை. மீட்டர்தான் சைட்டுக்குப் போக வேண்டும். ப்ளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் இருப்பது வழக்கம். அது பத்து, இருபது என்று காட்டினால் முதலில் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை. இதற்காகவே மல்டிமீட்டரில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. 230 வோல்ட்டில் முனையை வைக்கிறோம். கேட் 3, 600 வோல்ட் என்ற தரக்குறி அச்சில் மட்டுமல்லாமல் உண்மையிலும் இருக்கிற மீட்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

சிஸ்டம் தொடங்காதபோது பிழைக் குறியைக் காட்டும் போஸ்ட் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிசிஐ ஸ்லாட் இருந்த காலத்தில் அது உதவியது. இன்றைய போர்டுகளில் அந்த ஸ்லாட்டே பெரும்பாலும் இல்லை. பல போர்டுகளில் சிபியு, டிராம் என்று பெயரிட்ட விளக்குகள் இருக்கின்றன; இல்லாதவற்றுக்கு ஒரு குட்டி பீப் ஸ்பீக்கர் போதும். ஹெச்.பி. லேப்டாப்பில் எஃப்2, டெல்லில் எஃப்12 அழுத்தினால் கம்பெனியே வைத்திருக்கும் சோதனை வரும், காசில்லாமல். ஆகவே, 'எல்லாம் ஒரே பென் டிரைவில்' என்று கைமாறி வரும் திருட்டு மென்பொருள் தொகுப்புக்கு வேலையே இல்லை.

"சோதிக்கவெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள்" என்பது கடைசி ஆட்சேபம். மற்ற ஊருக்கு இது பொருந்தலாம். நூலின் கவுண்ட்டையும் வலிமையையும் ரிப்போர்ட் பார்த்து வாங்குகிற, 1956இலிருந்து சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிற கோவையில், அளவுக்குக் காசு கொடுப்பது புதிய பழக்கமல்ல. ஜாப் கார்டில் 'போர்டு கோளாறு' என்று கிறுக்காமல், '12 வோல்ட் லைன் லோடில் 11.1' என்று எழுதினால் மில் கணக்காளருக்கு அது புரியும், பில்லும் பாஸாகும்.

மிஞ்சுவது சிப் லெவல்: ஹாட் ஏர், மைக்ரோஸ்கோப், பெஞ்ச் பவர் சப்ளை, ஆசிலோஸ்கோப். வாரத்துக்கு ஓரிரண்டு போர்டு வரும் கடை இதில் பணத்தை முடக்க வேண்டியதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்கிலேயே தொழில் நடத்தும் வட்டாரம் இது. போர்டையும் அப்படியே சிப் லெவல் பட்டறைக்கு அனுப்பலாம். ஒன்று மட்டும்: அனுப்பும் முன், நம் மேசையில் அளந்த வோல்ட்டையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி போர்டோடு ஒட்டிவிட வேண்டும். திரும்பி வரும்போது "நீங்கள் கொடுக்கும்போதே டெட்" என்ற பேச்சுக்கு அந்தச் சீட்டுதான் பதில்.