கினிகத்தேனைப் பன்னம் நுவரெலியாவில் பிழைக்குமா?

கித்துல்கல தாண்டி கினிகத்தேனைக்கு ஏறும் வீதியில் வெட்டிய மண்மேடு அதிக நாள் வெறுமையாகக் கிடப்பதில்லை. கெகில்லப் பன்னம் வந்து மூடிவிடும். தேயிலை மலையின் கானுக்குள் வாள்போன்ற இலையோடு நெப்ரோலெப்பிஸ், பீலிக்கரைக் கல் இடுக்கில் கறுத்த காம்புள்ள சிறு பன்னம், காட்டு ஓடை ஓரம் மரப்பன்னம் என்று எங்கு பார்த்தாலும் பன்னம்தான். இதே செடியை நுவரெலியா வீட்டு முற்றத்தில் வைத்தால் தை, மாசியில் இலை கருகிவிடுகிறது. குளிர் தாங்கவில்லை என்கிறோம். அது பாதிக் காரணம்தான்.

கினிகத்தேனை கடல்மட்டத்துக்கு மேல் 2,000 அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவின் உயரம் 6,000 அடிக்கு மேல். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆக இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஏழெட்டுப் பாகை வித்தியாசம். இந்த வித்தியாசம் மட்டும் என்றால் பல பன்னங்கள் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு சமாளித்துவிடும். சாவதற்கு அது போதாது.

காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் உண்மையில் இருக்கிறது என்பதே சாரீரப்பதன். காற்று சூடாகச் சூடாக அதன் கொள்ளளவு கூடும். நீராவி கூடாவிட்டால் சாரீரப்பதன் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கினிகத்தேனையில் விடியலில் 19 பாகையில் ஈரம் நிறைந்திருக்கும் காற்று, புதிதாக நீராவி சேராமல் 27 பாகைக்குச் சூடானால் சாரீரப்பதன் 60 வீதத்தை ஒட்டி நிற்கும். நுவரெலியாவில் தெளிந்த தை மாத விடியலில் 5 பாகையில் ஈரம் நிறைந்த காற்று, மதியம் 20 பாகைக்கு வந்தால் 40 வீதத்துக்கும் கீழே போய்விடும். காலையில் இலையில் பனித்துளியைப் பார்த்து ஈரம் போதும் என்று நினைக்கிறோம். மதியம் அதே செடி காய்ந்துகொண்டிருக்கிறது.

பன்னத்துக்கு இதைத் தாங்குவது கடினம். பல இனங்களின் இலை மெல்லியது. வேர் ஆழத்துக்குப் போகாது. அருவிச் சாரலில் பாறையோடு ஒட்டி வளரும் சவ்வுப் பன்னங்களின் இலை பெரும்பாலும் ஒரே ஒரு கலத்தின் தடிப்புத்தான். இனப்பெருக்கத்துக்கும் நீர் வேண்டும். வித்தியிலிருந்து முளைக்கும் சிறு பச்சைத் தகட்டின் மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆண் புணரி நீந்திப்போய் முட்டையைச் சேரும். வட்டவளையையும் கினிகத்தேனையையும் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் நனைப்பதால்தான் அங்கே பன்னம் தானாகப் பெருகுகிறது.

நுவரெலியாவில் துகள் உறைபனி விழும் இரவுகளில் இன்னொன்றும் நடக்கிறது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழக்கிறது. வெப்பமானி 3 பாகை காட்டும்போதே புல்லின் மேல் உறைபனி படியலாம். விடிந்ததும் வெயில் இலையைச் சூடாக்கும். வேரைச் சுற்றிய மண்ணோ இன்னும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த வேரால் இலை இழக்கும் நீரை ஈடுசெய்ய முடியாது. மேலே மரக்கூரை ஒன்று இருந்தால் இந்த இரண்டு இழப்பும் குறையும். ஹோட்டன் சமவெளியில் உறைபனி கடுமையாகப் படிவது திறந்த புல்வெளித் தாழ்வுகளில்தான். காட்டு மரங்களின் கீழே அந்தக் கடுமை இல்லை. 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய ஹக்கல பூங்காவிலும் பன்னங்களை நிழல் மரங்களின் அடியில்தான் வளர்க்கிறார்கள். வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது என்பேன்.

குளிர் தாங்கும் பன்னங்கள் என்று உலகில் உண்டு. கனடாவில் நம்மவர் வீட்டுத் தோட்டங்களிலும் வளரக்கூடிய தீக்கோழிப் பன்னம் −30 பாகைக் குளிரையும் கடக்கும். ஆனால் இலையால் அல்ல. இலையுதிர் காலத்தில் இலை மடிந்துவிடும்; மண்ணோடு ஒட்டிய குருத்து பனிப்போர்வைக்குக் கீழே தூங்கும். அதற்கு அந்தக் குளிர்கால ஓய்வு தேவை. கினிகத்தேனையில் நட்டால் அது கிடைக்காது. தஸ்மேனியாவின் டிக்சோனியா மரப்பன்னம் −5 பாகை அளவு தாங்கும். இங்கிலாந்தில் அதன் உச்சிக் குருத்துக்குள் வைக்கோல் திணித்துக் குளிர்காலத்தைக் கடத்துகிறார்கள். இலை போனாலும் குருத்து பிழைத்தால் போதும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் வளர்க்கிறவர்களும் இப்படிக் குருத்தைக் காக்கலாம். சாடியை விறாந்தையின் கூரைக்குள், காலை வெயில் நேரே படாத பக்கம் வையுங்கள். குளிர்ந்த காற்று வந்து தேங்கும் பள்ளம் வேண்டாம். தெளிந்த இரவு வரும்போல் இருந்தால் செடிக்கு மேலே சாக்கு கட்டுங்கள், காலையில் கழற்றிவிடுங்கள். இலைமேல் தண்ணீர் தெளித்தால் அந்த ஈரம் சிறிது நேரமே நிற்கும். சாடிகளை நெருக்கி வைத்து, கீழே கல் பரப்பிய தட்டில் தண்ணீர் விடுவது மேல். இலைநுனி மட்டும் பழுப்பாகத் தொடங்கினால் முதலில் காற்றின் வறட்சியைச் சந்தேகியுங்கள். மரப்பன்னத்துக்குத் தண்டிலும் நீர் விட வேண்டும். வெளியே நார்போல் தெரிவதில் பெரும்பகுதி வேர்.

அந்தத் தண்டை ஓர்க்கிட் வளர்க்கவென்று காட்டிலிருந்து வெட்டிவருவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மிக மெதுவாக வளரும் செடி அது. சயத்தியா இன மரப்பன்னங்களின் சர்வதேச வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஓர்க்கிட்டுக்குத் தென்னந்தும்பும் மட்டையும் போதும். பன்னம் வேண்டுமானால் நாற்றுமேடையில் வாங்குங்கள்.

உறைபனியில் இலை கருகிவிட்டால் உடனே செடியைப் பிடுங்க வேண்டாம். கருகிய இலைகள் குருத்துக்குப் போர்வையாக இருக்கட்டும். குருத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. சித்திரை மழைக்குப் பிறகு புதுச் சுருள் வரும்வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கூழாகிப் போயிருந்தால்தான் அந்தச் செடி முடிந்தது.