களனிக் கரைக் கபரகொய்யாவும் கடலாண்ட பெரும் பல்லியும்

பேலியகொடை மீன் சந்தைக்கு அப்பால், களனி கங்கையை நோக்கிச் செல்லும் கால்வாய் ஒன்றின் கரையிலே, சென்ற மாதம் ஒருநாட் காலை கபரகொய்யா ஒன்று சூரை மீனின் தலையைக் கவ்வியபடி கிடந்தது. ஓராள் நீளம் இருக்கும். என்னுடன் வந்த மாணவன் கல்லொன்றைக் கையில் எடுத்தவாறே, "சேர், இது டைனோசரின் மிச்சந்தானே?" என்று கேட்டான். கல்லைக் கீழே போடச் சொன்னேன். கேள்விக்கோ, "ஏறக்குறைய அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபோதுதான் நான் சொன்னது பிழை என்பது தெரிந்தது. மறுநாள் வகுப்பிலே அதனை ஒப்புக்கொண்டு அவனுக்குக் கூறியதையே இங்கு சற்று விரித்து எழுதுகின்றேன்.

டைனோசர்கள் பல்லிகள் அல்ல. அவற்றின் சந்ததியைக் காண விரும்புவோர் முற்றத்தில் மேயும் கோழியைப் பார்த்தாற் போதும். இன்றுள்ள ஊர்வனவற்றுள் அவற்றுக்கு நெருங்கிய உறவு முதலையே. கபரகொய்யாவோ உடும்பினத்தது, பல்லியும் பாம்பும் அடங்கிய வேறொரு கிளையைச் சேர்ந்தது. ஆயினும் டைனோசர்கள் தரையை ஆண்ட அதே காலத்தில், இந்தக் கிளையிலும் ஒரு பேருரு தோன்றிக் கடலை ஆண்டது. அதன் பெயர் மொசாசர்.

அதன் வரலாறு ஒல்லாந்து தேசத்து மாஸ்திரிக்ட் நகரை அடுத்த குன்றொன்றின் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களில் தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே நீண்ட தாடைகளும் கூரிய பற்களும் கொண்ட மண்டையோடுகள் அகப்பட்டன. 1794-இல் நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படையினர் அவற்றுள் சிறந்ததொன்றைப் பாரிஸ் நகருக்குக் கொண்டு போயினர். அதைக் கண்டுபிடித்துத் தருவோர்க்கு 600 போத்தல் திராட்சை மது பரிசென்று அறிவிக்கப்பட்டதாக ஒரு கதை உண்டு. கதை சுவையானது, பின்வந்த ஆய்வாளர் அதனை நம்புவதில்லை. மண்டையோடு பாரிஸில் இருப்பது மட்டும் உண்மை.

அஃது எந்த விலங்கினுடையது? மாஸ்திரிக்டில் இத்தகைய என்புகளைச் சேர்த்து வந்த ஹொப்மன் என்னும் இராணுவ வைத்தியர் முதலை என்றார். உடற்கூற்றியலிற் பெரும்புகழ் பெற்ற பீத்ரஸ் காம்பர், 1786-இல், பல்லுள்ள திமிங்கிலம் என்று தீர்ப்புக் கூறினார். அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின், 1799-இல், அவருடைய மைந்தர் ஆத்திரியான் காம்பர் அதே என்புகளை மீண்டும் ஆராய்ந்தார். முதலையும் அன்று, தந்தையார் கூறிய திமிங்கிலமும் அன்று. உடும்பு போன்றதொரு பெரும் பல்லியே என்று துணிந்தார். பெற்றவர் சொல்லை, அதுவும் உலகம் போற்றும் அறிஞரின் சொல்லை, மறுப்பது எந்த வீட்டிலும் எளிதன்று. 1808-இல் பிரான்சின் குவியே அம்முடிவை ஆதரித்த பின்னர் ஐயம் அகன்றது. 1822-இல் கொனிபெயர் என்பவர், அந்நகரூடாக ஓடும் மியூஸ் நதியின் இலத்தீன் பெயரால் அதற்கு 'மொசாசரஸ்' எனப் பெயரிட்டார். டைனோசர் என்ற சொல்லே அதற்கு 20 ஆண்டுகள் இளையது!

மொசாசரின் நீளம் 13 மீட்டர் என்பாரும் 17 மீட்டர் என்பாரும் உண்டு. எப்படியும் நமது பஸ் வண்டியினும் நீண்டது. கால்கள் துடுப்புகளாக மாறியிருந்தன. கீழ்த்தாடையின் நடுவே ஒரு மூட்டு; மேலண்ணத்திலும் பற்கள். அகப்பட்ட இரை வெளியே நழுவ வழியில்லை. அமெரிக்காவிற் கிடைத்த ஒன்றின் வயிற்றிலே மீன், கடற்பறவை, இன்னொரு மொசாசர் என்று பலவற்றின் என்புகள் இருந்தன. முட்டையிடக் கரையேறாமல் நீரிலேயே குட்டி ஈன்றது. அதன் வால் பாம்பின் வாலைப் போன்றதென்றே நெடுங்காலம் ஓவியர்கள் வரைந்தனர். யோர்தானிற் கிடைத்த உயிர்ச்சுவடொன்றைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு, சுறாவினது போன்ற வாற்செட்டை இருந்ததைக் காட்டிற்று.

இவ்வளவு பெரிய குலத்தின் தொடக்கமோ மிகச் சிறிது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஏறத்தாழ 9 கோடி 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையில், காலும் விரலும் இன்னும் துடுப்பாகாத ஆதி மொசாசர் ஒன்று கிடைத்துள்ளது. நீளம் ஒரு மீட்டர்; நமது கால்வாய்க் கபரகொய்யாவே அதனிற் பெரிது. 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களுடன் மொசாசர்களும் அழிந்தன. இவற்றுக்கு உடும்பு நெருங்கிய உறவா, பாம்பு நெருங்கிய உறவா என்ற வழக்கு மட்டும் அறிஞரிடையே இன்னும் தீரவில்லை.

நிற்க. "நம் நாட்டில் ஏன் இவை அகப்படவில்லை?" என்று வகுப்பிலே மற்றொருவன் கேட்டான். நல்ல கேள்வி. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு, இத்தகைய உயிர்கள் தோன்றுமுன்னரே உருவான பழம்பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மொசாசர்கள் மறைந்து நெடுங்காலத்தின் பின் படிந்தது. புத்தளத்தை அடுத்த தப்போவையிற் கிடைக்கும் செடிச்சுவடுகளோ அவற்றுக்கு முந்தியவை. தேசிய நூதனசாலையின் இயக்குநராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல இரத்தினபுரி மணிக்கல் படிவுகளில் ஆராய்ந்த நீர்யானை, காண்டாமிருக என்புகளும் மிகப் பிந்தியவையே. உரிய காலத்துப் பாறை நமக்கு இல்லாமலில்லை. அது கடலின் கீழே கிடக்கிறது. 2011-இல் மன்னார்க் கடலடியில் எரிவாயு தேடித் துளையிட்டபோது எட்டிய மணற்கற் படைகள் மொசாசர்கள் வாழ்ந்த காலத்தவை. தமிழ்நாட்டின் அரியலூர்ப் பக்கம் அக்காலக் கடற்படிவுகள் தரையிலேயே கிடக்கின்றன. அப்பகுதியிற் கிடைத்த முள்ளந்தண்டு என்புகளைக் கொண்டு, மொசாசருக்கு முன் கடலை ஆண்ட இக்தியோசர் இனமொன்றுக்கு 1879-இல் லைடெக்கர் பெயரிட்டார்.

சென்ற சனிக்கிழமை அம்மாணவன் அளவுநாடா ஒன்றுடன் வந்தான். கண்டி வாவியில் 3.21 மீட்டர் நீளமான கபரகொய்யா ஒன்று அளக்கப்பட்டதென்று நான் சொல்லியிருந்தேன்; நமதையும் அளக்க வேண்டுமாம். எங்களைக் கண்டதும் அது நீரில் வழுகி இறங்கிற்று. நான்கு கால்களையும் விலாவோடு ஒடுக்கிக்கொண்டு, வாலை மட்டும் இடமும் வலமும் வீசி, நெடுங்கோடாக அக்கரைக்குப் போயிற்று. அது படுத்திருந்த சேற்றுத் தடத்தையே அளந்தோம். 1 மீட்டர் 90 சென்ரிமீட்டர்.