பழங்கதையும் புதுவண்ணமும்

பழங்கதையைப் புதுக்கவிஞர் மாற்றிப் பாடுதல் தகுமோ என வினவுவார் உளர். அதற்கு ஜப்பானியரின் மரஅச்சுச் சித்திரம் விடை பகரும்.

ஓவியன் மெல்லிய தாளில் வரைவான். செதுக்குவோன் அதனைச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோடுகள் மட்டும் புடைத்து நிற்கச் செதுக்குவான். அச்சிடுவோன் வண்ணத்திற்கொரு பலகையாகப் பதிப்பான். பதிப்புக்குப் பதிப்பு வண்ணம் வேறுபடுதலும் உண்டு. கோட்டுப் பலகை ஒன்றே. மேனாட்டு அச்சுமுறைகளால் இக்கலை நலிந்த காலத்தே, யோஷிதோஷி என்னும் ஓவியர் 1885 முதல் 1892 வரை, சந்திரனைப் பொருளாகக் கொண்ட நூறு சித்திரங்களில் ஜப்பானிய, சீனப் பழங்கதைகளுக்குப் புத்துயிர் ஊட்டினார்.

நம் பாரதியார் செய்ததும் அதுவே. பூந்தமல்லியை உள்ளிட்ட தொண்டை மண்டலத்தில், திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடியுமளவும் கூத்தாடப்பெறும் கதையையே அவர் 'பாஞ்சாலி சபத'மாக்கினார். அதன் முதற்பாகம் 1912இலும், இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1924இலும் வெளிவந்தன. பாமரரும் அறிந்த நொண்டிச் சிந்தை அதில் பெரிதும் ஆண்டார். கதை வியாசருடையது, அவையில் நீதி கேட்பவளோ அடிமைப்பட்ட பாரத தேவி. சபதத்தோடு காவியம் முடிகின்றது. அதனை நிறைவேற்றும் கடன் படிப்போர்க்கு உரியதாயிற்று.

ஆதலின் மாற்றிப் பாடுதல் குற்றமன்று. அச்சிடாத பலகையைச் செல்லரிக்கும். பாடாத கதையும் அத்தகையதே அன்றோ!