வரிசையில் முந்தி நிற்கும் கொம்பு

ஆண்டு 1 ஆசிரியரைப் பார்த்து மற்ற ஆசிரியர்கள் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “உங்களுக்கென்ன, பாட்டும் படமும்தானே!” ஒரே ஒரு நாள் அந்த வகுப்புக்கு ரிலீஃப் வந்து போனவர்கள் மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

என் வகுப்பில் 19 பிள்ளைகள். எங்கள் பள்ளி முன்பு தோட்டத்திற்குள் இருந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தபின், பள்ளியும் தாமானுக்கு இடம் மாறியது. நாட்டிலுள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் கதை இதுதான். 150 மாணவர்களுக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற கணக்கில் வரும். நாங்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறோம். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் எங்களுக்கு ஒரு பிள்ளை மட்டுமல்ல, ஓர் எண்ணிக்கையும்கூட. சொல்ல நன்றாக இல்லைதான், ஆனால் உண்மை.

திங்கட்கிழமை சபைகூடல், தேசியகீதம், ருக்குன் நெகாரா, தலைமையாசிரியர் உரை எல்லாம் முடிந்து வகுப்புக்குள் வரும்போதே பாதிப் பேருக்குப் பசி. முதல் வேலை, வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று பேச வைப்பது. “டீச்சர், நாங்க பசார் மாலாம் போனோம்.” “டீச்சர், எங்க தாத்தா கார் ரோசாக் ஆயிடுச்சு.” ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி எழுந்து, “டீச்சர், தண்டாஸ்!” என்பாள். உடனே நான்கு பேருக்குத் தண்டாஸ் வந்துவிடும். ‘கழிவறைக்குப் போகலாமா, ஆசிரியை?’ என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேட்கவும் செய்கிறார்கள், அவசரம் இல்லாதபோது.

இந்தக் கலப்பு மொழியைக் கேட்டுச் சிலர் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு கவலை இல்லை. ஏழு வயதில் மூன்று மொழிகளைக் கையாளும் பிள்ளைகள் இவர்கள். எந்தச் சொல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது மட்டும் இன்னும் சரியாகத் தெரியவில்லை. பேசட்டும். பேசாத பிள்ளைதான் எனக்குக் கவலை.

அப்படி ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவன் வளர்ந்தது பிள்ளை பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அம்மா ஒருவரின் வீட்டில். மலாய் நன்றாகப் பேசுவான், கார்ட்டூன் ஆங்கிலமும் வரும். தமிழ் காதுக்குத் தெரியும், நாவுக்கு வராது. உயிரெழுத்து பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்வான். ‘மரம்’ வாசிப்பான், ‘பாடம்’ வாசிப்பான். போன மாதம் கொம்பு வந்தது. அதோடு நின்றுவிட்டான்.

பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்ட ஒரு சங்கதி இது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ‘க’ பின்னால் வருகிறது. ஆனால் வாயில் முதலில் பிறப்பது ‘க்’, அப்புறம்தான் ‘எ’. கண் பார்க்கும் வரிசை வேறு, காது கேட்கும் வரிசை வேறு. எ, ஏ, ஐ மூன்றும் மெய்யோடு சேர்ந்தால் குறி முன்னால் நிற்கும். ஒ, ஓ, ஔ மூன்றுக்கும் இரண்டு பக்கமும் நிற்கும். ஆக, ஆறு உயிர், 18 மெய், மொத்தம் 108 எழுத்துகள். 216 உயிர்மெய்யில் சரிபாதி! பிள்ளைக்கு ஒரு மாதத்தில் வந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இதோடு கால் வேறு. ‘ா’ என்ற குறியும் ‘ர’ என்ற எழுத்தும் பிள்ளைக் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நம் பையன் ‘கொடி’ என்ற சொல்லை விரல் வைத்து வாசித்தான்: “கெ… ர… டி.” சிரிக்க வேண்டாம். அவன் பார்த்ததைப் பார்த்தபடி வாசித்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை மலாய்ப் பாடம் முடிந்து ஆசிரியர் வெளியே போகும்போது வெண்பலகையில் ‘கோபி’ என்ற சொல்லை ரூமி எழுத்தில் அசை பிரித்து எழுதி வைத்திருந்தார். அதை அழிக்காமல் விட்டேன். மலாய்மொழியில் பிள்ளைகள் வாசிக்கப் பழகுவது சூக்கு காத்தா, அதாவது அசை அசையாக. நம் உயிர்மெய் எழுத்தே ஓர் அசைதான், இரண்டு மொழிக்கும் அந்த இடத்தில் நல்ல உறவு உண்டு. அந்தப் பையன் மலாய்ச் சொல்லைத் தடையில்லாமல் வாசிப்பான் என்று மலாய் ஆசிரியர் சொல்லியிருந்தார். வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை அவன்.

பலகையில் இருந்த மலாய்ச் சொல்லுக்குக் கீழே தமிழில் ‘கொடி’ என்று எழுதினேன். “மேலே எது முதல்ல நிக்குது?” என்றேன். ‘கே’ என்றார்கள், அந்த ஆங்கில எழுத்தின் பெயரை. “அப்புறம்?” “ஓ!” “கீழே எது முதல்ல நிக்குது?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து அவன் குரல், அந்த வாரத்தில் முதன்முறையாக: “டீச்சர், இது பொத்தோங் பண்ணுது.”

நம் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சாலையில் முந்துவதும் பொத்தோங், சிற்றுண்டிச்சாலை வரிசையில் முந்துவதும் பொத்தோங். கொம்பு வரிசையில் முந்தி வந்து நின்றுகொள்கிறது! எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன், இதைவிடத் தெளிவாகக் கொம்பை யாரும் எனக்கு விளக்கியதில்லை. “ஆமாய்யா, முந்தி நிக்குது. ஆனா முந்தி நின்னா முதல்ல பேச விடலாமா?” என்றேன். “கூடாது!” என்று 19 பேரும் கத்தினார்கள். அடுத்த வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் அதையே விளையாட்டாக்கினோம். ஒரு பிள்ளை கொம்பு, ஒரு பிள்ளை ‘த’, ஒரு பிள்ளை கால். கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் வாயைப் பொத்திக்கொள்ளும். ‘த’ தலையில் தட்டினால்தான் மூவரும் சேர்ந்து ‘தொ’ என்று சொல்ல வேண்டும். தொப்பி, பொட்டு, மொட்டு. ஒற்றைச் சுழிக் கொம்பு குறில், இரட்டைச் சுழிக் கொம்பு நெடில். இந்த நெடில் அடையாளத்தைத் தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் புண்ணியத்தில் ‘பெட்டி’யும் ‘பேட்டி’யும் தனித்தனியாக இருக்கின்றன. அந்த ஒரு சுழிக்காக என் பிள்ளைகள் அழித்து அழித்துத் தாளையே கிழித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை ஒரு மாணவியின் வீட்டுப்பாடத்தில் ‘யானை’ என்ற சொல் தும்பிக்கையோடு வந்திருந்தது. வீட்டில் பாட்டி எழுதிக் கொடுத்தாராம். ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளை முன்பு தலைக்கு மேல் ஒரு வளைவு போட்டு எழுதுவார்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. பிறகு நம் பாடநூல்களிலும் புதிய வடிவமே நிலைத்தது. பாட்டி அதற்கு முன்பு தோட்டப் பள்ளியில் படித்தவர். நான் சிவப்பு மை போடவில்லை. இரண்டு வடிவங்களையும் பலகையில் எழுதிக் காட்டினேன். பழைய ‘னை’தான் யானை மாதிரி இருக்கிறது என்று வகுப்பு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. “பாட்டி எழுதுறது பழைய எழுத்து, தப்பில்ல, நீ புதுசா எழுதும்மா” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பாட்டியிடமிருந்து ஒரு டப்பா முறுக்கு வந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் பள்ளி வாசலில் அந்தப் பையனின் அம்மா காத்திருந்தார். அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். “எத்தனையாவதா வர்றான் டீச்சர்?” என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இப்போது கடினம். ஆண்டு 1 முதல் 3 வரை தேர்வுகள் 2019இல் எடுக்கப்பட்டுவிட்டன. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் ரத்தானது. இப்போது இருப்பது வகுப்பறை மதிப்பீடு, எங்கள் வாயில் பி.பி.டி. அடைவுநிலை 1 முதல் 6 வரை, அதில் 3 என்றால் குறைந்தபட்சத் தேர்ச்சி. முதல், இரண்டாவது, கடைசி என்ற வரிசையே இல்லை. இதை எத்தனை முறை விளக்கினாலும் பெற்றோருக்கு மனம் ஆறுவதில்லை. நூற்றுக்கு இத்தனை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், வரிசை போனது நல்லதுதான். ஆனால் அதன் இடத்தில், ‘உங்கள் பிள்ளைக்கு இது வருகிறது, இது வரவில்லை’ என்று பெற்றோரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஓர் எண்ணை மட்டும் பாரத்தில் எழுதிக் கொடுத்தால் பழைய மதிப்பெண்ணுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் பேசினேன். தமிழ் வாசிப்பில் இப்போதைக்கு 2, கொம்பு இன்னும் முழுமையாக வரவில்லை, குறைநீக்கல் வகுப்புக்குச் சில வாரங்கள் அனுப்ப நினைக்கிறேன் என்றேன். குறைநீக்கல் என்றதும் அவர் முகம் மாறியது. மக்குப் பிள்ளைகளின் வகுப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்கைந்து பேராக உட்கார வைத்து, மொழியும் கணிதமும் அடிப்படையிலிருந்து சொல்லித் தரும் இடம் அது. 19 பேர் இருக்கும் அறையில் என்னால் ஒருவனுக்குத் தர முடியாத நேரத்தை அங்கே ஒருவர் தருகிறார்.

“இல்ல டீச்சர்,” என்று அவர் மெல்லக் கைப்பையைத் திறந்தார். பள்ளி மாற்றல் பாரம். “அவனோட அப்பா தேசியப் பள்ளியில மாத்திடலாம்னு சொல்றாரு. நாங்க ரெண்டு பேருமே வீட்டுல இங்கிலீஷ்தான் பேசிக்கிறோம். பின்னால கஷ்டப்படுவானோன்னு பயமா இருக்கு.”

போகாதீர்கள் என்று கையைப் பிடிக்கலாம். தாய்மொழி என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றலாம். பள்ளியின் எண்ணிக்கை எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் எதிரே நிற்பவர் பயந்துபோன ஒரு தாய். அதனால் தெரிந்ததை மட்டும் சொன்னேன். அவன் மலாய்மொழியில் அசை பிரித்து வாசிக்கிறான், ஆகவே வாசிக்கும் திறன் இருக்கிறது. முட்டுக்கட்டை ஒரு குறியில்தான். பள்ளி மாறினால் அந்தக் குறி அவன் வழியில் வராமல் போகும், அது உண்மை. கூடவே பாட்டி எழுதும் கடிதமும் கோயில் அறிவிப்பும் அவனுக்கு வெறும் படமாகிவிடும். பள்ளி விடுமுறை வரைக்கும் பொறுங்கள், இரவில் 10 நிமிடம் தமிழ் எழுத்து உள்ள எதையாவது அவனோடு உட்கார்ந்து பாருங்கள் என்றேன். கதைப்புத்தகம்தான் வேண்டுமென்பதில்லை. மளிகைச் சாமான் பொட்டலம், நாளிதழ்த் தலைப்பு, திருமண அழைப்பிதழ், எதுவானாலும் சரி.

“எனக்கே வேகமா வாசிக்க வராது டீச்சர்” என்றார்.

“நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்தே எழுத்துக்கூட்டி வாசிங்க.”

அவர் சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை. பாரத்தை மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை உடற்கல்வி, கலைக்கல்வி, ஒருவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, இருவருக்குள் ஓர் அழிப்பானுக்காகச் சண்டை. வழக்கமான வெள்ளிதான். ஓய்வுநேரம் முடிந்து வந்தபோது அந்தப் பையன் என் மேசையருகே நின்றான். கையில் நான்காக மடித்த ஒரு திருமண அழைப்பிதழ். முந்தைய இரவு அம்மாவும் மகனும் வீட்டிலிருந்த பழைய அழைப்பிதழை எடுத்து, அதிலுள்ள கொம்புகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் ‘ை’ குறியையும் பிடித்து வட்டம் போட்டிருந்தார்கள். அது அவனா அம்மாவா என்று நான் கேட்கவில்லை.

“இதை வாசி, பார்ப்போம்” என்று ஒரு சொல்லில் விரல் வைத்தேன். ‘பெற்றோர்’. கடினமான சொல்தான். கொம்பு, ஒரு புள்ளி, இன்னொரு கொம்பு, கால், கடைசியில் ‘ர்’. உதட்டை அசைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தான். “பெ… ற்… றோ…” என்றவன், கடைசி எழுத்தில் நின்று என்னைப் பார்த்தான். “டீச்சர், இது காலா, ர-வா?”

தலையில் இருந்த புள்ளியைக் காட்டினேன். காலுக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். சொல்லை முடித்துவிட்டு, அழைப்பிதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

வரும் வாரம் ஔகாரம். ‘கௌ’ எழுத்தில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ‘ள’ மாதிரியே ஒன்று. போன ஆண்டு வகுப்பில் ஔவையாரை ஒளவையாராக்கி, ‘ள’வையும் சேர்த்து வாசிக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. இதை நம் பையன் என்னவென்று சொல்வான் என்று கேட்க எனக்கு ஆசை. மாற்றல் பாரம் இன்னும் அலுவலகத்துக்கு வரவில்லை. குறைநீக்கல் ஆசிரியரிடம் அவன் பெயரைக் கொடுத்துவிட்டேன், திங்கள் முதல்.