எண்களை ஒப்பிட்டு நிறம் காட்டும் எக்செல்

ஒரு மளிகைக் கடையின் இருப்புக் கணக்கு எக்செலில் இருக்கிறது. பி நெடுவரிசையில் கணக்குப்படி இருக்க வேண்டிய இருப்பு. சி நெடுவரிசையில் கிடங்கில் எண்ணிப் பார்த்த இருப்பு. மொத்தம் 800 வரிகள். எந்தெந்தப் பொருள் குறைகிறது என்று கண்ணால் தேடினால் நூறாவது வரிக்குள் சலித்துவிடும். இதற்காகவே இருக்கிறது, நிபந்தனைக்கு ஏற்பக் கட்டத்தின் நிறத்தை மாற்றும் ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’.

எக்செல் 97 பதிப்பில் இந்த வசதி வந்தபோது ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகளே வைக்க முடிந்தது. 2007 பதிப்பில் அந்த வரம்பு நீங்கி, நிறச்சாய்வும் அம்புக்குறிகளும் சேர்ந்தன. பார்க்க அழகானவைதான், ஆனால் இரண்டு மதிப்புகளை ஒப்பிட, நாமே சூத்திரம் எழுதும் வழியே மேல்.

சி2 முதல் சி801 வரை தேர்ந்தெடுத்து, ‘நியூ ரூல்’ வழியாகச் சென்று =சி2<பி2 என்று (ஆங்கில எழுத்துகளில்) கொடுத்து, ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் கட்டத்துக்கு எழுதினால் போதும். அடுத்த வரிக்கு அதுவே சி3<பி3 என்று நகர்ந்துகொள்ளும். விடை ‘ஆம்’ என்றால் நிறம் விழும். ‘இல்லை’ என்றால் கட்டம் அப்படியே இருக்கும்.

பொருளின் பெயர் உள்ள ஏ நெடுவரிசையும் சேர்ந்து முழு வரியும் நிறம் மாற வேண்டுமா? ஏ2-இலிருந்து தேர்ந்தெடுத்து =$சி2<$பி2 என்று எழுத வேண்டும். டாலர் குறி நெடுவரிசையைப் பிடித்து நிறுத்துகிறது. அதை விட்டுவிட்டால், பி2 கட்டத்துக்கு வரும்போது சூத்திரம் டி2<சி2 என்று வலப்பக்கம் நகர்ந்துவிடும். டி நெடுவரிசை காலியாக இருந்தால் எக்செல் அதைப் பூஜ்யமாகவே கொள்ளும். இருப்பு உள்ள பொருள் அத்தனைக்கும் பி கட்டம் நிறம் மாறிவிடும்!

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய எண்கள் சில நேரம் எழுத்துகளாகவே பதிந்துவிடும். எக்செலின் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. ஆகவே எழுத்தாகப் பதிந்த 5, எண்ணாக உள்ள 40-ஐவிடப் பெரியதாகிவிடும். 35 மூட்டை குறைந்தும் நிறம் விழாது. கட்டத்தின் இடது மேல் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரிந்தால், கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அருகில் தோன்றும் எச்சரிக்கைக் குறியைச் சொடுக்கி ‘கன்வர்ட் டு நம்பர்’ கொடுங்கள்.

இன்னும் எண்ணாத பொருளின் காலிக் கட்டமும் பூஜ்யமாகி, பற்றாக்குறைபோல நிறம் காட்டும். காலியா என்று பார்க்கும் நிபந்தனையையும் விதியில் சேர்ப்பது நல்லது.

விதியை அமைத்ததும், குறைவு என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிந்த ஒரு வரியில் நிறம் விழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மற்ற வரிகளை நம்புங்கள்.